இடது காலின் பழக்கம்: இறுதித் திருப்பத்தில் ஒரு பயிற்சி விமானி

இந்த ஆய்வின் பொருள், யாருக்கும் காயமின்றி, விமானத்துக்குச் சேதமுமின்றி, அரை நிமிடத்துக்குள் தொடங்கி முடிந்துவிட்ட ஒரு நிகழ்வு. எந்தப் பதிவேட்டிலும் விபத்தாக ஏறாத இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. அன்று மாணவர் செய்த ஒவ்வொரு செயலும் அவருக்கு முன்பே கற்பிக்கப்பட்ட ஏதோ ஒன்றிலிருந்து நேராக வந்தது. கற்பித்தவர்களில் நானும் ஒருவன். சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் விமானத்தின் மூக்கு திரும்பும், அட்வர்ஸ் யா எனப்படும் எதிர்த்திசைத் திருகலைப் பற்றி வகுப்பில் சரியான விடை எழுதிய மாணவர் அவர். விடை சரியாக இருந்தும் கால் தவறாகப் போனது ஏன் என்பதைத்தான் இங்கே ஆராய்கிறேன்.

பயிற்சித் தளத்தின் பெயரும் மாணவரின் பெயரும் இங்கே தேவையில்லை. தளம் காவிரிப் படுகையில், கொள்ளிடத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் கிழக்கு மேற்காக ஓடும் ஒற்றை ஓடுபாதையைக் கொண்டது. மாணவர் மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர். அதுவரை 12 மணி நேரம் பறந்திருந்தார். தனியே பறக்க அனுப்பப்படும் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். விமானம் செஸ்னா 152. இருவர் அருகருகே அமரும், உடலுக்கு மேலே இறக்கை பொருத்தப்பட்ட, நுனிக்கு நுனி சுமார் 10.2 மீட்டர் நீளமுள்ள சிறிய விமானம். இடப்புறம் மாணவர், வலப்புறம் நான்.

நிகழ்வு

ஆடி இரண்டாம் வாரம், காலை ஒன்பது மணியைத் தாண்டிய நேரம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை எங்கள் பக்கத்தில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று, மறைக்க மலையில்லாத இந்தச் சமவெளியில் வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் வீசிக்கொண்டேயிருக்கும். அன்று காற்று 230 பாகையிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, 15 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). ஓடுபாதை 27, அதாவது மேற்கு நோக்கி இறங்குவது. இடப்புறச் சுற்று என்பதால் ஓடுபாதைக்குத் தெற்கே கிழக்கு நோக்கிப் பறந்து, பிறகு வடக்கே திரும்பி, கடைசியாக மேற்கே திரும்பி இறங்க வேண்டும்.

ஓடுபாதைக்கு இணையாகக் கிழக்கே போகும் டவுன்விண்ட் பகுதியில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. உயரம் 1000 அடி. ஓடுபாதையின் முனையைக் கடந்ததும் எஞ்சின் விசையைக் குறைத்து, இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்பை இறக்கி, வேகத்தை 65 நாட்டுக்குக் கொண்டுவந்து, மாணவர் பேஸ் லெக்குக்குத் திரும்பினார். வடக்கு நோக்கிய அந்தக் குறுகிய பகுதியில்தான் காற்று குறுக்கிட்டது. 15 நாட் காற்றில் ஏறக்குறைய 10 நாட் அளவு பங்கு விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளியது; அதாவது, விநாடிக்கு 5 மீட்டர் வீதம் ஓடுபாதையின் நேர்கோட்டை நோக்கி நாங்கள் கூடுதலாக நகர்ந்துகொண்டிருந்தோம். அவர் இறுதித் திருப்பத்தை வழக்கமான இடத்தில், வழக்கமான 20 பாகைச் சாய்வில் தொடங்கினார். அந்த வேகத்தில், அந்தச் சாய்வில், 90 பாகை திரும்பி முடிக்க 15 விநாடி ஆகும். அந்த 15 விநாடியில் காற்று மட்டுமே விமானத்தை 75 மீட்டர் வடக்கே தள்ளிவிடும். காற்றில்லாத நாளில் கச்சிதமாக அமைந்திருக்கக்கூடிய திருப்பம் அன்று தொடங்கும்போதே தாமதமாகிவிட்டிருந்தது.

திருப்பத்தின் பாதியில், ஓடுபாதை தன் இடப்பக்கச் சன்னல் கண்ணாடியில் நழுவிப் போவதை அவர் கண்டார். சாய்வைக் கூட்ட அவருக்குத் தயக்கம். தாழ்ந்த உயரத்தில் 30 பாகைக்கு மேல் சாய்க்கக் கூடாது என்று நான் பலமுறை சொல்லியிருந்தேன். வாலிலுள்ள ரடரை அசைக்கும் பெடல்களில் அவருடைய இடது பெடல் மெல்ல உள்ளே போனது. மூக்கு இடப்புறம் வேகமாக நகர்ந்தது. அதே கணத்தில் என் வலது தோள் கதவில் போய் அழுந்தியது. அவர் எதிரே இருந்த, பக்கச் சறுக்கலைக் காட்டும் கருவியில் குண்டு குழாயின் வலக்கோடிக்கு ஓடியது. சாய்வு தானாகவே கூடத் தொடங்கவும், அதைத் தடுக்க அவர் கைப்பிடியான யோக்கை வலப்புறம் திருப்பினார். மூக்கு அடிவானத்துக்குக் கீழே இறங்கவும், யோக்கைத் தன் மார்பை நோக்கி இழுத்தார். வேகம் 65-லிருந்து 50-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் இடது மேல்மூலையில் ஸ்டால், அதாவது இறக்கை துவண்டு தூக்குவிசையை இழக்கும் நிலை, நெருங்குவதை எச்சரிக்கும் ஊதல் ஒலிக்கத் தொடங்கியது. அப்போது உயரம் சுமார் 450 அடி.

கட்டுப்பாட்டை நான் எடுத்துக்கொண்டேன். செய்தது புதிதாக எதுவுமில்லை: முதலில் யோக்கின் பின்னிழுப்பைத் தளர்த்தினேன், அதனுடனேயே வலது காலால் குண்டை நடுவுக்குக் கொண்டுவந்தேன், இறக்கைகளை மட்டமாக்கினேன், முழு விசை கொடுத்து மேலேறினேன். வரிசை முக்கியம். இழுப்பைத் தளர்த்துவதற்கு முன்பாக, இறக்கை நுனியருகே பின்விளிம்பில் அசையும் பலகையான எய்லரானால் இறக்கையைத் தூக்க முயன்றிருந்தால், ஏற்கெனவே துவண்டுகொண்டிருந்த இடது இறக்கையின் மேல் இன்னும் ஒரு சுமையை ஏற்றியிருப்பேன். மீண்டும் ஒரு சுற்று வந்து இறங்கினோம். இறங்கும் வரை இருவரும் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

மாணவர் சொன்னது

ஹேங்கரின் நிழலில் அமர்ந்த பிறகு, எதற்காக இடது பெடலை மிதித்தீர்கள் என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “இடது திருப்பம்னா இடது கால்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்க சார். அது மட்டுமில்ல, வயல்ல அப்படித்தான் திருப்புவோம்” என்றார்.

இரண்டாவது வாக்கியம் எனக்கு உடனே பிடிபடவில்லை. விளக்கினார். சேற்று உழவுக்குக் கேஜ் வீல் மாட்டிய டிராக்டரை அவர் பதினைந்து வயதிலிருந்தே ஓட்டுகிறார். தொளியில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்சக்கரம் சேற்றைத் தள்ளிக்கொண்டு நேராகத்தான் போகும். வரப்பு நெருங்கும்போது டிராக்டரைத் திருப்புவது பிரேக்தான். டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல்கள் அருகருகே இருக்கும். சாலையில் போகும்போது இரண்டையும் கொண்டி போட்டு இணைத்துவிடுவார்கள். வயலில் கொண்டியை எடுத்துவிடுவார்கள். இடப்புறம் இன்னும் இறுக்கமாகத் திரும்ப வேண்டுமென்றால் இடது பெடலை அழுத்த வேண்டும். திருப்பம் போதவில்லை, வரப்பு நெருங்குகிறது, இடதை மிதி என்று நான்கு ஆண்டுகளாகப் பழகிய உடல் அவருடையது. அன்று 450 அடி உயரத்தில் வரப்புக்குப் பதிலாக ஓடுபாதையின் நேர்கோடு வந்தது.

என்னுடைய வாய்பாடு அந்தப் பழக்கத்தின் மேல் அப்படியே போய்ப் பொருந்திக்கொண்டது. ‘இடது திருப்பம், இடது கால்’ என்பது பொய்யில்லை. ஆனால் திருப்பத்தின் முதல் இரண்டு விநாடிக்கு மட்டும் உண்மையாக இருப்பது. எந்த இரண்டு விநாடி, ஏன் என்பதைக் காலுக்குப் புரியும்படி நான் கற்றுக்கொடுக்கவில்லை. இந்தக் குறையை நான் சிறியதாகக் கருதவில்லை.

விமானம் எதனால் திரும்புகிறது

கார், டிராக்டர், சைக்கிள் எதுவாயினும் சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள பிடிப்புதான் வண்டியைத் திருப்புகிறது. காற்றில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. விமானத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்பப் போதுமான பெரிய விசை ஒன்றே ஒன்றுதான் அதனிடம் உண்டு. அது இறக்கையின் தூக்குவிசை. விமானத்தைச் சாய்த்தால் தூக்குவிசையும் சாய்கிறது; அதன் ஒரு பங்கு எடையைத் தாங்க, மறுபங்கு விமானத்தைத் திருப்பத்தின் மையத்தை நோக்கி இழுக்கிறது. 65 நாட் வேகத்தில் 20 பாகைச் சாய்வு சுமார் 310 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைத் தரும்; 30 பாகை 200 மீட்டரையும், 45 பாகை 115 மீட்டரையும் தரும். இந்தக் கணக்கில் பெடலுக்கு இடமே இல்லை. கால் மூக்கை வேறு திசைக்குத் திருப்பிக் காட்ட முடியும். விமானம் செல்லும் பாதையை அதனால் அவ்வளவாக வளைக்க முடியாது. இடது பெடலை மிதித்த மாணவருக்கு மூக்கு ஓடுபாதையை நோக்கி வந்தது. விமானமோ ஏறக்குறைய பழைய பாதையிலேயே, மூக்கை உள்பக்கம் திருப்பியபடி வெளிப்பக்கம் சறுக்கிக்கொண்டு போனது. கண்ணுக்குத் திருப்பம் இறுகியதுபோலத் தோன்றியதே இந்தத் தவறின் பெரிய ஆபத்து.

அப்படியானால் ரடர் எதற்கு? இங்கேதான் எதிர்த்திசைத் திருகல் வருகிறது. இடப்புறம் சாய யோக்கை இடப்பக்கம் திருப்பினால் இடது இறக்கையின் எய்லரான் மேலே எழும், வலது இறக்கையின் எய்லரான் கீழே இறங்கும். வலது இறக்கையில் தூக்குவிசை கூடி அது மேலே போகிறது. தூக்குவிசை விலையின்றிக் கிடைப்பதில்லை. அதோடு கூடவே பிறக்கும் இழுவிசையும் வலது இறக்கையில் கூடுகிறது. கூடிய இழுவிசை அந்தப் பக்க இறக்கையைப் பின்னால் பிடித்து இழுக்க, மூக்கு வலப்புறம் போகிறது. சேற்றில் வலது பிரேக்கைப் பிடித்த டிராக்டர் வலப்புறம் திரும்புவது போலத்தான் இதுவும். போக நினைப்பது இடப்புறம், மூக்கு போவது வலப்புறம்.

பல வகுப்புகளில் விளக்கம் இத்தோடு நின்றுவிடுகிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது. என் எண்ணத்தில் அதுதான் விஷயத்தின் ஆழமான பகுதி. விமானம் இடப்புறம் உருண்டுகொண்டிருக்கும்போது இடது இறக்கை கீழே இறங்கிக்கொண்டும், வலது இறக்கை மேலே ஏறிக்கொண்டும் இருக்கின்றன. இறங்கும் இறக்கைக்கு எதிர்க்காற்று சற்றுக் கீழிருந்தும், ஏறும் இறக்கைக்குச் சற்று மேலிருந்தும் வருவதாக அமைகிறது. தூக்குவிசை எப்போதும் வந்து மோதும் காற்றுக்குச் செங்குத்தாக நிற்பது. ஆகவே இறங்கும் இறக்கையில் அது கொஞ்சம் முன்னோக்கியும், ஏறும் இறக்கையில் கொஞ்சம் பின்னோக்கியும் சாய்கிறது. அளவைப் பாருங்கள்: விமானம் விநாடிக்கு 20 பாகை வீதம் உருண்டால், நடுவிலிருந்து 4 மீட்டர் தள்ளியிருக்கும் இறக்கைப் பகுதி விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் மேலோ கீழோ நகரும். 65 நாட் என்பது விநாடிக்கு 33 மீட்டர். இரண்டும் சேர்ந்தால் எதிர்க்காற்றின் திசை அந்த இடத்தில் 2.4 பாகை மாறுகிறது. சிறிய கோணம்தான். ஆனால் விமானத்தின் மொத்த எடையையும் தாங்கும் விசை அந்தக் கோணத்துக்குச் சாய்கிறது. ஒரு பக்கம் முன்னே, மறுபக்கம் பின்னே. விமானம் உருண்டுகொண்டிருக்கும் வரை இந்தத் திருகல் இருக்கும். உருளல் நின்றால் நின்றுவிடும்.

வேகம் குறையக் குறைய இதெல்லாம் மோசமாகும். அதே எடையைக் குறைந்த வேகத்தில் தாங்க இறக்கை பெரிய தாக்குகோணத்தில், அதாவது எதிர்க்காற்றுக்குப் பெரிய கோணத்தில், நிற்க வேண்டும். அங்கே தூக்குவிசையோடு பிறக்கும் இழுவிசையும் பெரியது. அதே நேரத்தில், குறைந்த வேகத்தில் ரடரின் மேல் படும் காற்றும் மெலிந்திருக்கும். அதே வேலைக்குக் கால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். இறங்க வரும் நேரம்தான் இவை இரண்டும் சேரும் நேரம்.

இந்த வினோதத்தை முதலில் தம் உடலால் உணர்ந்தவர்கள் ரைட் சகோதரர்கள். 1901-இல் கிட்டி ஹாக் அருகே அவர்கள் பறக்கவிட்ட கிளைடருக்கு வால் கிடையாது. இறக்கையை முறுக்கிச் சாய்த்தபோது, உயர்ந்த இறக்கை சில வேளைகளில் பின்தங்கி, விமானம் நினைத்ததற்கு எதிர்ப்புறம் திரும்பியது. 1902-இல் பின்னால் அசையாத செங்குத்து வாலைப் பொருத்தினார்கள். ஒரு தொல்லை போய் வேறொன்று வந்தது. பிறகு அந்த வாலை அசையக்கூடியதாக்கி, இறக்கை முறுக்கும் கம்பிகளோடே இணைத்தார்கள். அப்போதுதான் திருப்பம் கைக்குள் வந்தது. 1906-இல் அவர்களுக்கு அமெரிக்காவில் கிடைத்த காப்புரிமையின் சாரம் எஞ்சின் அல்ல. இறக்கையும் வாலும் சேர்ந்து இயங்கும் இந்தக் கட்டுப்பாட்டு முறைதான். ரடர் பிறந்தது கப்பலின் சுக்கானைப் போல விமானத்தைத் திருப்புவதற்காக அல்ல, இறக்கை செய்யும் வேலையில் விளையும் கோணலைச் சரிசெய்வதற்காக என்பதை அந்த வரலாறே சொல்கிறது. மாணவர்களுக்கு இதை முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் வெகுநாள் சொல்லாமல் விட்டது.

பின்வந்த வடிவமைப்பாளர்கள் இந்தத் திருகலைக் குறைக்கப் பல வழி கண்டார்கள். செஸ்னா 152-இல் எய்லரான் மேலே 20 பாகை எழும், கீழே 15 பாகைதான் இறங்கும். கீழே இறங்கும் பக்கத்தின் இழுவிசையைக் கட்டுப்படுத்த இந்த வித்தியாசம். அதனால் அந்த விமானம் ஓரளவு மன்னிக்கும் குணமுடையது. நீண்ட இறக்கை கொண்ட, எஞ்சின் இல்லாத கிளைடரில் காலை அசைக்காமல் திரும்ப முயன்றவருக்கு ஒரே முயற்சியில் பாடம் ஏறிவிடும். 152-இல் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே பல மணி நேரம் பறந்துவிட முடியும். அந்த வசதியே கற்பதற்குத் தடையாகவும் இருக்கிறது.

சங்கிலியின் கண்ணிகள்

இப்போது அன்றைய திருப்பத்துக்குத் திரும்புவோம். சாய்வு 20 பாகையில் நிலைத்தபின் மாணவரின் யோக் நடுவுக்கு வந்துவிட்டது, உருளல் நின்றது, ஆகவே எதிர்த்திசைத் திருகலும் அநேகமாக அடங்கிவிட்டது. அந்தக் கணத்திலிருந்து இடது காலுக்கு அங்கே வேலை இல்லை. அதன் பிறகு மிதித்த மிதி எதையும் சரிசெய்யவில்லை. அதுவே புதிய கோணலானது.

மூக்கு இடப்புறம் திருகப்பட்டதும் வெளிப்பக்கத்து வலது இறக்கை வேகமாகவும், உள்பக்கத்து இடது இறக்கை மெதுவாகவும் நகர்ந்தன. வலதில் தூக்குவிசை கூடியதால் சாய்வு கேட்காமலே கூடியது. அதைத் தடுக்க அவர் யோக்கை வலப்புறம் திருப்பியபோது, இடது எய்லரான் கீழே இறங்கியது. ஏற்கெனவே மெதுவாகவும் பெரிய தாக்குகோணத்திலும் இருந்த இடது இறக்கையின் நுனிப்பக்கம் இப்போது இன்னும் பெரிய தாக்குகோணத்துக்குத் தள்ளப்பட்டது. கூடவே, கீழிறங்கிய எய்லரானின் கூடுதல் இழுவிசை இடது இறக்கையைப் பின்னால் இழுத்து, மூக்கை மேலும் இடப்புறம் திருப்பியது. இதை நான் இரண்டு முறை வரைந்து பார்த்த பிறகே முழுதாக உணர்ந்தேன்: வலப்புறம் திருப்பிய கையால் விளைந்த எதிர்த்திசைத் திருகல், இடது கால் செய்துகொண்டிருந்த தவறோடு கைகோத்துக்கொண்டது. எந்தத் திருகலைத் தவிர்க்க இடது காலைக் கற்றுக்கொடுத்தேனோ, அதே திருகல் அந்தக் காலுக்கே துணையாக வந்து நின்றது.

கடைசிக் கண்ணி, மூக்கு தாழ்ந்ததும் இழுத்த கை. தாக்குகோணம் இரண்டு இறக்கையிலும் கூடியது; இடது முதலில் எல்லையைத் தொடும் நிலையில் இருந்தது. இன்னும் ஓரிரு விநாடி அப்படியே விட்டிருந்தால் இடது இறக்கை துவண்டு, விமானம் அந்தப் பக்கமே கவிழ்ந்து, சுழன்றபடி கீழே போகும் ஸ்பின்னில் விழுந்திருக்கக்கூடும். ஒரு சுற்று ஸ்பின்னும் மீட்பும் சேர்ந்து சுமார் 1000 அடியை எடுத்துக்கொள்ளும் என்று செஸ்னா 152-இன் கையேடு எச்சரிக்கிறது. எங்களிடம் இருந்தது 450.

எச்சரிக்கை ஊதலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்; அது மின்சாரத்தில் இயங்குவதில்லை. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை. அதிலிருந்து ஒரு குழாய் உள்ளே வந்து ஊதலில் முடிகிறது. தாக்குகோணம் கூடும்போது இறக்கையின் மேற்புறத்துத் தாழ்வழுத்தம் அந்தத் துளை வரை பரவி, குழாய் வழியே காற்றை வெளியே உறிஞ்சுகிறது. உறிஞ்சப்படும் காற்று ஊதலில் உள்ள மெல்லிய தகட்டை அதிரவைக்கிறது. திருவாவடுதுறையில் செய்யப்படும் நாதஸ்வரச் சீவாளியும் அதிரும் நாக்கால் ஒலிப்பதுதான். அங்கே மூச்சு உள்ளே போகிறது, இங்கே காற்று வெளியே போகிறது. ஸ்டால் நெருங்க நெருங்க முனகலாகத் தொடங்கிய ஒலி உரத்து எழும். துளை இடது இறக்கையில் இருந்ததும், துவளும் நிலையை நெருங்கியது இடது இறக்கையே என்பதும் அன்று எங்களுக்கு வாய்த்த நல்லூழ். இதே தவறு வலப்புறத் திருப்பத்தில் நடந்திருந்தால், துவளும் இறக்கையில் துளை இல்லாததால், ஒலி இவ்வளவு முன்கூட்டி வந்திருக்காது என்று கருத இடமுண்டு. வலப்புறச் சுற்றுகளில் ஊதலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று அதன்பின் என் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன்.

சாய்வைக் குறித்த என் எச்சரிக்கையையும் எடைபோட வேண்டும். மட்டத் திருப்பத்தில் 30 பாகைச் சாய்வு இறக்கையின் சுமையை 1.15 மடங்காக்கி, ஸ்டால் வேகத்தை 7 விழுக்காடு மட்டுமே உயர்த்துகிறது. 45 பாகையில் 1.41 மடங்கு, 19 விழுக்காடு. ‘30-ஐத் தாண்டாதே’ என்பது நல்ல எல்லைதான். அதைத் தாண்டாமல் திருப்பம் முடியாதபோது என்ன செய்வது என்பதையும் அந்த வாக்கியத்தோடே சொல்லியிருக்க வேண்டும்: விட்டுவிட்டு மேலேறு. மேலேறும் வழி திறந்தே இருக்கிறது என்று நான் அழுத்திச் சொல்லாததால்தான், சாய்வு என்ற கதவு அடைக்கப்பட்டதும் அவர் கால் பெடலைத் தேடிப் போனது.

திருத்தம்

மறுநாள் ஓடுபாதைச் சுற்று வேண்டாம் என்று முடிவு செய்து, 4000 அடிக்கு ஏறி, தஞ்சை விமானப்படைத் தளத்தின் வான்பரப்பிலிருந்து நன்றாக விலகி, கொள்ளிடத்தை ஒட்டிய பகுதிக்குப் போனோம். குறுவைப் பச்சைக்கு நடுவே கொள்ளிடம் அந்த மாதத்தில் வெள்ளை மணலாகக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால், கோடு போட்டுப் பயிற்சி செய்வதற்கென்றே யாரோ வரைந்து வைத்தது போலிருக்கும். அதன் கீழ்ப்பகுதியில், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையின் மதகு வரிசை தெளிந்த அடையாளமாக நின்றது. மூக்கை அதன் நடுவுக்கு நேராக வைக்கச் சொன்னேன்.

முதலில் இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, வேகத்தை 60 நாட்டுக்குக் குறைத்து, யோக்கை இடப்புறம் ஓங்கித் திருப்பச் சொன்னேன். இறக்கை இடப்புறம் சாய்ந்தது. மூக்கோ மதகு வரிசையின் நடுவிலிருந்து கிளம்பி அதன் வலது கோடியைத் தாண்டிப் போய், ஒரு கணம் தயங்கிவிட்டு, பிறகே இடப்புறம் வரத் தொடங்கியது. மாணவர் வாய்விட்டு “அய்யய்யோ” என்றார். 12 மணி நேரமும் அது அவர் கண்ணெதிரே நடந்துகொண்டுதான் இருந்தது. உற்றுப் பார்க்க ஒரு புள்ளி இல்லாததால் தெரியவில்லை.

அடுத்தது, திரும்பாமல் சாய்வது. மூக்கை மதகின் நடுவில் ஆணி அடித்ததுபோல வைத்துக்கொண்டு, இடப்புறம் 15 பாகை, உடனே வலப்புறம் 15 பாகை, மீண்டும் இடப்புறம் என்று நிறுத்தாமல் உருட்ட வேண்டும். இதில் திருப்பம் என்பதே இல்லை. ஆனால் கால் இடைவிடாமல் வேலை செய்யும். கை இடப்புறம் போகும்போதெல்லாம் இடது கால், கை நடுவுக்கு வந்தால் கால் நடுவுக்கு, கை வலப்புறம் போனால் வலது கால். நாட்டியம் கற்பிப்பவர்கள் கை போகும் வழியில் கண் போக வேண்டும் என்பார்கள். நான் அவரிடம் கை போகும் வழியில் கால் போகட்டும் தம்பி என்றேன். திருப்பத்தோடு காலைப் பிணைத்த பழைய வாய்பாட்டை அந்த அரை மணி நேரம் அவிழ்த்தது. தொடக்கத்தில் மூக்கு மதகு வரிசையின் இரு கோடிகளுக்கும் அலைந்தது. இருபதாவது நிமிடத்தில் நாலைந்து மதகுகளுக்குள் அடங்கியது.

குண்டைப் படிக்கவும் புதிதாகப் பழக்கினேன். வளைந்த கண்ணாடிக் குழாயில் திரவத்துக்குள் உருளும் அந்தக் குண்டைப் பற்றி, ‘குண்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் காலை மிதி’ என்று எல்லாப் பள்ளியிலும் சொல்கிறார்கள். மாணவர் அதையும் மனப்பாடமாக அறிந்திருந்தார். அன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். கொத்தனார் கையில் உள்ள ரசமட்டம் அவருக்குத் தெரியும். அதில் குமிழி மேட்டுப்பக்கம் போகும். இதில் குமிழிக்குப் பதில் குண்டு. அது தனக்குத் தாழ்வாகப்படும் பக்கம் போகும். தாழ்வு எது என்பதை எடையும் திருப்பத்தின் வீச்சும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. குண்டுக்குத் தாழ்வாகப்படும் பக்கத்துக்கே நம் உடலும் சாயும். ஆகவே இறங்கும் நேரத்தில் கண்ணை வெளியிலிருந்து எடுக்க முடியாவிட்டாலும், உடலைக் கேட்டால் போதும். இடப்புறத் திருப்பத்தில் வலது விலா பெல்ட்டில் அழுந்தினால் இடது கால் மிகுதி. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நானே விமானத்தைச் சறுக்கவைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஏழு முறையில் ஏழும் சரியாகச் சொன்னார்.

கடைசியாக, நல்ல உயரம் மீதமிருக்கையில், அன்றைய தவறை நானே முழுமையாகச் செய்துகாட்டினேன்: 20 பாகை இடச்சாய்வு, இடது பெடல், வலது எய்லரான், பின்னிழுப்பு. ஊதல் முனகியது, உரத்தது. அடுத்த கணம் இடது இறக்கை கீழே போய்க் கொள்ளிடத்தின் மணல் கண்ணாடி முழுவதும் நிறைந்தது. உடனே இழுப்பைத் தளர்த்தி, வலது காலை ஊன்றி மீண்டேன். உயரமானி 300 அடிக்கு மேல் இழந்திருந்ததைக் காட்டியது. இத்தனைக்கும் என்ன வரப்போகிறது என்று தெரிந்து, காத்திருந்து செய்த மீட்பு அது. இதை விளையாட்டாக எந்தப் பயிற்சியாளரும் செய்துவிடக் கூடாது. விமானம் ஸ்பின் பயிற்சிக்கு அனுமதிக்கப்பட்டதாகவும், எடைப்பரவல் எல்லைக்குள்ளும், உயரம் தாராளமாகவும், காட்டுபவர் அதில் தேர்ந்தவராகவும் இருந்தால் மட்டுமே செய்யலாம்.

தரையில் வந்து அவர் தன் குறிப்பேட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, டிராக்டரின் இரண்டு பெடலையும் விமானத்தின் இரண்டு பெடலையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார். டிராக்டர்ப் படத்துக்குக் கீழே ‘திருப்பும்’ என்றும், விமானப் படத்துக்குக் கீழே ‘திருப்பாது; கை செய்ததைச் சரிசெய்யும்’ என்றும் எழுதினார். என் வகுப்புக் குறிப்பிலும் அந்த வரியை அப்படியே சேர்த்துக்கொண்டேன். புதிய மாணவர் வந்தால், இதற்கு முன் என்னென்ன வண்டி ஓட்டியிருக்கிறீர்கள் என்று முதல் நாளே கேட்பதும் அப்போது தொடங்கிய வழக்கம்.

இரண்டு வாரம் கழித்து, ஆடி முடியும் தறுவாயில், அதே ஓடுபாதை 27, அதே தென்மேற்குக் காற்று, இம்முறை 18 நாட்டை எட்டும் வீச்சோடு. பேஸ் லெக்கிலேயே காற்றைக் கணக்கிட்டு அவர் திருப்பத்தை முன்கூட்டித் தொடங்கினார், ஆனாலும் போதவில்லை. நேர்கோடு இடப்பக்கக் கண்ணாடியில் நழுவத் தொடங்கியது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய இடது காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெடலின் மேல் லேசாக ஒருமுறை அசைந்து, நின்றது. சாய்வு 25-இல் இருந்து கூடவில்லை; குண்டு நடுவில் இருந்தது. “கோ அரவுண்ட், சார்” என்று சொல்லி, இறக்கையை மட்டமாக்கி, முழு விசை கொடுத்தார். விசை கூடியதும் இடப்புறம் இழுத்த மூக்கை அவருடைய வலது கால் பிடித்து நிறுத்தியது.